பெயரை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘பழைய பெட்டியில் கிடைத்தது, இது என்ன நாணயம்?’ என்று கேட்டு வாசகர்கள் அனுப்பும் படங்கள் பத்திரிகைகளில் அவ்வப்போது வெளிவருகின்றன. அவற்றில் சில நாணயமே இல்லை. கேசினோ என்ற சூதாட்ட விடுதியின் மேசையில் பணத்துக்குப் பதில் புழங்கிய வில்லையான சிப்பாகவோ, சூதாட்ட இயந்திரத்தில் போடும் டோக்கனாகவோ, சீட்டாட்டத்தில் கணக்குக்கு வைத்த காயாகவோ இருக்கும். படத்தில் தெரியும் எழுத்தை மட்டும் படித்துவிட்டு ‘இன்ன ஊர், இன்ன ஆண்டு’ என்று பதில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதில் பல நேரம் தவறு. சிப்பின் முகத்தில் உள்ள எழுத்தை யார் வேண்டுமானாலும் பிற்பாடு அடித்துவிடலாம். சிப் செய்த பொருள், விளிம்பைச் சுற்றி ஓடும் அச்சு, பக்கவாட்டில் தெரியும் நிறப் பட்டை ஆகிய மூன்றையும் அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. ஆகவே தேடலை விளிம்பில் தொடங்கி, பெயரைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அதற்கும் முன்னால் ஒன்று: கழுவாதீர்கள். களிமண் கலவையில் செய்த பழைய சிப் ஈரத்தை உறிஞ்சும். காய்ந்த பிறகு மேற்பரப்பு வெளிறிவிடும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பட்டால் தங்க எழுத்தும் நடுவில் பதித்த வில்லையும் சேர்ந்தே போய்விடும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். நிறம் பளிச்சென்று தெரிய எண்ணெய் தடவும் பழக்கம் சில விற்பனையாளர்களிடம் உண்டு. எண்ணெய் பூசிய சிப்பில் ஒட்டுப்போட்ட இடமும் தேய்ந்த இடமும் மறைந்துவிடும் என்பதால், வழவழவென்று மின்னும் பழைய சிப்பைச் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். உலோக டோக்கனைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தாலும் இதே கதைதான்: பளபளப்பு வரும், படிக்க வேண்டிய நுணுக்கமான கோடுகள் போய்விடும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. 0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, குறுக்களவும் தடிமனும் அளக்க ஒரு வெர்னியர் காலிபர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறிய டார்ச், ஒரு காந்தம். புற ஊதா டார்ச் இருந்தால் இன்னும் நல்லது.

குறுக்களவு 39 மி.மீ., எடை 8.5 முதல் 10 கிராம் வரை என்றால், அமெரிக்கக் கேசினோ மேசைகளில் புழங்கும் களிமண் கலவை சிப்பின் அளவோடு அது ஒத்துப்போகிறது. சுட்ட மண் என்று நினைத்துவிட வேண்டாம். கனிமத் தூளையும் பிசினையும் கலந்து, சூட்டில் அழுத்தி எடுத்த வில்லை அது. விரலில் தேய்த்தால் லேசாகச் சொரசொரக்கும். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் வழுக்காது. தராசு 11.5 கிராமோ 13, 14 கிராமோ காட்டி, காந்தமும் ஒட்டினால், உள்ளே இரும்புத் தகடு வைத்து வார்த்த பிளாஸ்டிக் சிப்பாக இருக்கவே வாய்ப்பு. விளிம்பில் பகடைகளோ சீட்டுச் சின்னங்களோ சுற்றிவர இருந்தால் சந்தேகமே வேண்டாம்: தொலைக்காட்சியில் போக்கர் சீட்டாட்டம் பரவிய 2003-க்குப் பின் பெட்டி பெட்டியாக விற்ற வீட்டு விளையாட்டுச் சாமான் அது. ஆனாலும் காந்தம் ஒட்டியது என்பதற்காக மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லாஸ் வேகாஸின் பட் ஜோன்ஸ் நிறுவனம் நடுவில் உலோக வட்டு பதித்த பிளாஸ்டிக் சிப்புகளை உண்மையான கேசினோக்களுக்கே செய்து தந்தது.

இனி விளிம்பு. சிப்பின் முகத்தில், நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் இடையே சற்றே பள்ளமாகவோ மேடாகவோ ஒரு வளையம் ஓடும். அதில் சிறு சிறு உருவங்கள் திரும்பத் திரும்ப வரும்: தொப்பியும் கைத்தடியும், சாவி, கிரீடம், குதிரைத் தலை, வைரம், சதுரம், கோணல்மாணலாக ஓடும் கோடு, ஆங்கில எழுத்து ‘எச்’. சிப்பை அழுத்தி எடுக்கும்போதே இந்த உருவம் அதில் விழுந்துவிடுகிறது. சேகரிப்பாளர்கள் இதைத்தான் ‘அச்சு’ என்கிறார்கள். தேய்ந்த சிப்பில் நேர் வெளிச்சத்தில் இது தெரியாது. இருட்டறையில் டார்ச்சைச் சிப்பின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, சிப்பைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி நான்கு படம் எடுங்கள். ஒன்றில் தெரியாத உருவம் இன்னொன்றில் எழும்பி நிற்கும். அதுவும் பலிக்கவில்லை என்றால் மெல்லிய தாளை மேலே வைத்து, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்கலாம். என்ன உருவம் என்பதோடு, ஒரு முகத்தில் அது எத்தனை முறை வருகிறது, உருவங்கள் ஒரே திசையில் நிற்கின்றனவா மாறி மாறித் திரும்பி நிற்கின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சாவியில் பெரிய சாவி, சிறிய சாவி என இரு வகை இருப்பது போல, ஒரே உருவத்தில் பல அளவுகள் உண்டு.

அச்சு தெரிந்தால் செய்தவர் தெரிவார். செய்தவர் தெரிந்தால் காலத்தின் கீழ்வரம்பு கிடைக்கும். தொப்பியும் கைத்தடியும் பால்-சன் நிறுவனத்தின் அடையாளம். பால் எண்டி லாஸ் வேகாஸில் அதைத் தொடங்கியது 1963-இல். ஃபிளமிங்கோ கேசினோ திறந்தது 1946 டிசம்பர் 26 அன்று. ஆகவே ‘1946, ஃபிளமிங்கோ திறப்பு விழாவில் புழங்கிய சிப்’ என்று ஒருவர் நீட்டும்போது அதன் விளிம்பில் தொப்பியும் கைத்தடியும் இருந்தால், மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. சாவி அச்சு லாஸ் ஏஞ்சல்ஸின் டி.ஆர். கிங் நிறுவனத்தை நோக்கிக் கைகாட்டும். வளையத்தில் கேசினோவின் பெயரே எழுத்தாக ஓடுவதும் உண்டு. இது தனி அச்சு வெட்டச் செலவிட முடிந்த இடம் என்பதற்கு அடையாளம்.

இங்கே அவசரப்படுபவர்கள் தடுக்கி விழுவது வழக்கம். அச்சு சொல்வது ‘இதற்கு முன் இல்லை’ என்பதை மட்டுமே. ‘இதற்குப் பின் இல்லை’ என்று அது ஒருபோதும் சொல்லாது. நிறுவனங்கள் கைமாறும்போது அச்சுகளும் கைமாறின. மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில் பர்ட் கம்பெனி வைத்திருந்த அச்சுகள் பின்னாளில் வீட்டு ஆட்டக்காரர்கள் தங்கள் பெயர் போட்டுச் செய்துகொண்ட புதிய சிப்புகளிலும் விழுந்தன. 1940-களின் அச்சு என்பதாலேயே சிப் 1940-களுடையது ஆகிவிடாது.

அடுத்து, சிப்பை நிமிர்த்திப் பிடித்துப் பக்கவாட்டைப் பாருங்கள். ஓரத்தில் வேறு நிறத்தில் பட்டைகள் இருக்கும். அசல் களிமண் கலவை சிப்பில் அந்த நிறத் துண்டைத் தனியே செய்து, அச்சில் வைத்து, சேர்த்து அழுத்துவார்கள். அதனால் நிறம் தடிமன் முழுவதும் ஓடும். இரு முகத்திலும் ஒரே இடத்தில் வெளிவரும். சிப்பின் முகத்தில் தெரியும் பட்டை பக்கவாட்டில் காணாமல் போனால், அல்லது இரு முகத்துப் பட்டைகளும் நேருக்கு நேர் பொருந்தாவிட்டால், அது மேலே அச்சடித்த பிளாஸ்டிக். எத்தனை பட்டை, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ. அகலம், என்னென்ன நிறம் என்று எழுதிவையுங்கள். ஒரே கேசினோவின் ஐந்து டாலர் சிப்பில்கூட ஒவ்வொரு வெளியீட்டிலும் பட்டை மாறும். சேகரிப்பாளர்களின் பட்டியல்களில் வெளியீட்டைப் பிரிப்பதே இதை வைத்துத்தான். அடிப்படை நிறத்தை அதிகம் நம்ப வேண்டாம். நியூ ஜெர்சியில் 5 டாலர் சிவப்பு, 25 டாலர் பச்சை, 100 டாலர் கறுப்பு என்று விதியே உண்டு. ஆனால் அங்கே முதல் கேசினோ திறந்தது 1978-இல்தான். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் பழைய சிப்புகளில் எந்த நிறத்திலும் எந்த மதிப்பும் வரும்.

இவ்வளவும் ஆன பிறகு நடுப்பகுதிக்கு வரலாம். எழுத்து இரண்டு வழிகளில் வந்திருக்கும். ஒன்று, சூடான உலோக அச்சால் தங்க நிறத் தகட்டைச் சிப்பின் மேல் அழுத்தியது; எழுத்து பள்ளமாக இருக்கும். தங்கம் முழுவதும் உதிர்ந்துவிட்டாலும் பள்ளம் நிற்கும்; மேலே சொன்ன சாய்வு வெளிச்சத்தில் படித்துவிடலாம். இன்னொன்று, அச்சடித்த காகித வில்லையை நடுவில் பதித்து மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம் போட்டது. இரண்டிலும் போலி உண்டு. முதல் வகையில் போலி மிக எளிது: எழுதாத பழைய வெற்றுச் சிப்பை வாங்கி, புதிதாகச் சூட்டு முத்திரை போட்டால் ‘பழைய’ கேசினோ சிப் தயார். பொருள் பழசு, அச்சு பழசு, எழுத்து மட்டும் நேற்றையது. இதைக் கண்டுபிடிக்கத் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். சிப்பின் ஓரம் மழுங்கி உருண்டு, வளையத்து உருவங்கள் பாதி அழிந்திருக்க, தங்க எழுத்து மட்டும் கூர்மையாக இருந்தால் அந்த எழுத்து அந்தச் சிப்போடு சேர்ந்து முதுமை அடையவில்லை. லென்ஸில் பார்த்தால் மேற்பரப்பில் ஏற்கெனவே இருந்த கீறல்களின் மேல் தங்கம் ஏறிப் படிந்திருப்பதும் தெரியும். அசலில் தங்கத்தைக் கீறல் வெட்டிச் சென்றிருக்கும்.

காகித வில்லைக்குப் புற ஊதா வெளிச்சம் உதவும். காகிதத்தை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்பொருள் ஏறக்குறைய 1950 வாக்கில்தான் காகிதத் தொழிலுக்கு வந்தது. 1930-களின் வில்லை என்று சொல்லப்படுவது நீல வெண்மையாகப் பிரகாசித்தால் அது பிற்காலத்துக் காகிதம். சலவைத் தூளில் கழுவிய பழைய சிப்பும் அப்படி மினுங்கும்; கழுவாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயரே இல்லாமல் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் உள்ள சிப்புகள்தான் அதிகம் பேரைக் குழப்புகின்றன. பெரும்பாலும் அவை யாரோ ஒருவர் வீட்டு ஆட்டத்துக்காகத் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுச் செய்துகொண்டவை. பின்னிய மூன்றெழுத்தில் நடு எழுத்து பெரிதாக இருந்தால் வழக்கமாக அது குடும்பப் பெயர். இடமிருந்து வலமாகப் படித்துக் கேசினோ பெயர் தேடினால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். ஆனால் எழுத்துகள் மட்டும் உள்ள இன்னொரு கூட்டமும் உண்டு. அமெரிக்காவில் நெவாடா 1931-இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியபோதும் மற்ற மாநிலங்களில் தடை நீடித்தது. ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ், கென்டக்கியின் நியூபோர்ட், டெக்சாசின் கால்வெஸ்டன் போன்ற ஊர்களில் கிளப்புகள் வெளிப்படையாகவே ஆட்டம் நடத்தின. சோதனை வந்தால் கையில் அகப்படும் சிப்பில் கிளப்பின் முழுப்பெயர் இருப்பதை யார் விரும்புவார்? ஓர் எழுத்து, ஒரு படம், ஓர் எண் என்று நிறுத்திக்கொண்டார்கள். இவற்றை அடையாளம் காண முகத்தில் எந்தச் சான்றும் கிடையாது. சிப் விற்ற நிறுவனங்களின் பழைய ஆர்டர் அட்டைகள் சில தப்பிப் பிழைத்திருக்கின்றன. இன்ன அச்சில், இன்ன நிறத்தில், இன்ன எழுத்தோடு, இத்தனை சிப்புகள், இந்த முகவரிக்கு அனுப்பியது என்று அவற்றில் இருக்கும். அச்சும் நிறமும் எழுத்தும் மூன்றுமே பொருந்தினால்தான் அடையாளம் உறுதி. எழுத்து மட்டும் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம்.

மதிப்பு எண் இல்லாமல் ‘ஏ’ என்றோ ‘3’ என்றோ மட்டும் உள்ளதை ரூலெட் சிப் என்று முதலில் சந்தேகியுங்கள். சுழலும் சக்கரத்தில் பந்தை உருட்டி ஆடும் ரூலெட் மேசையில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு நிறம். அவர் வாங்கும்போது சொல்லும் தொகையே அதன் மதிப்பு. ஆகவே சிப்பில் தொகை போட மாட்டார்கள். எந்த மேசைக்குரியது என்று காட்டும் எழுத்தோ எண்ணோ சின்னமோ மட்டும் இருக்கும். அந்த ‘ஏ’ யாருடைய பெயரின் முதலெழுத்தும் இல்லை.

முகத்தில் ஊர், நாணயம் எழுதியிருந்தால் காலம் குறிக்க இன்னும் சில பிடிகள் உண்டு. நெவாடாவைக் குறிக்கும் ‘என்.வி.’ என்ற இரண்டெழுத்துச் சுருக்கத்தை அமெரிக்கத் தபால் துறை கொண்டுவந்தது 1963-இல். அந்த இரண்டெழுத்து இருந்தால் சிப் அதற்குப் பிந்தியது. ‘நெவ்’ என்று மூன்றெழுத்தில் இருந்தால் முந்தியதாகவும் இருக்கலாம், பிந்தியதாகவும் இருக்கலாம். ஷில்லிங் மதிப்புள்ள பிரிட்டிஷ் சிப் 1971 பிப்ரவரிக்கு முந்தியது. பிரெஞ்சு ஃபிராங்கில் எண் மிகப் பெரிதாக இருந்தால், 100 பழைய ஃபிராங்க் ஒரு புதிய ஃபிராங்க் ஆன 1960-ஐ நினைவில் வையுங்கள். கியூபாவின் ஹவானா கேசினோ சிப்புகள் 1959 புரட்சியோடு முடிந்துபோன கதை. அதனால் அவற்றுக்குக் கிராக்கி அதிகம், போலியும் அதிகம். ஐரோப்பியச் சிப்புகளில் இடத்தின் பெயருக்குப் பதில் நடத்தும் நிறுவனத்தின் முதலெழுத்துகள் இருப்பது சாதாரணம்: ‘எஸ்.பி.எம்.’ என்றால் 1863-இல் தொடங்கி மான்டே கார்லோ கேசினோவை நடத்தும் நிறுவனம். செவ்வக வடிவப் பிளாஸ்டிக் பலகை கிடைத்தால் அது பெரும் தொகைக்கான ‘பிளாக்’. பிரெஞ்சு மரபில் வந்தது. வட்டமாக இல்லையே என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உலோக டோக்கனுக்கு வழி வேறு. இயந்திரம் எழுத்தைப் படிப்பதில்லை. குறுக்களவையும் தடிமனையும் எடையையும்தான் பார்க்கிறது. ஆகவே காலிபரே முதல் சாட்சி. குறுக்களவு 21 மி.மீ. அளவில் இருந்தால் அமெரிக்க ஐந்து சென்ட் காசுக்கு ஈடாகச் செய்தது, 24 மி.மீ. என்றால் கால் டாலர். 37, 38 மி.மீ. என்றால் ஒரு டாலர். நெவாடா இயந்திரங்களில் 1964 வரை உண்மையான வெள்ளி டாலரையே போட்டார்கள். வெள்ளி டாலர்களை மக்கள் பதுக்கத் தொடங்கித் தட்டுப்பாடு வந்ததும் 1965 முதல் கேசினோக்கள் தங்கள் பெயர் போட்ட, வெள்ளி கலக்காத ‘ஜெர்மன் சில்வர்’ என்ற உலோகக் கலவை டோக்கன்களுக்கு மாறின. தொடக்கத்தில் அவற்றைப் பெருமளவில் அடித்தது ஃபிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நாணயச்சாலை. எனவே கேசினோ பெயரோடு கூடிய ஒரு டாலர் டோக்கனை ‘1950-களுடையது’ என்று சொன்னால் நம்பாதீர்கள். அதிலுள்ள ஆண்டும் வடிவம் வரைந்த ஆண்டே தவிர, அடித்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. படத்தின் ஓரத்தில் லென்ஸுக்கு மட்டும் தெரியும் சிறு எழுத்துகளைத் தேடுங்கள்: ‘எஃப்.எம்.’ என்றால் ஃபிராங்க்ளின் மின்ட், ‘ஆர்.டபிள்யூ.எம்.’ என்றால் ரோஜர் வில்லியம்ஸ் மின்ட். நடுவில் வெள்ளி, சுற்றிப் பித்தளை வளையம் என்று 10 டாலர் மதிப்போடு இருந்தால் அது 1990-களில் பரிசாகக் கொட்டிய வகை. ‘பண மதிப்பு இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் பெரும்பாலும் விளையாட்டு அரங்கத்து டோக்கன். கேசினோ பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தங்க நாணயம் என்று நம்பி வைத்திருப்பவர்களுக்கு ஏமாற்றம் தருபவை பிரிட்டிஷ் சீட்டாட்டக் காய்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் மண்வெட்டி வடிவக் கேடயம், பார்வைக்கு 1787 முதல் 1799 வரை வெளியான கினி என்ற தங்க நாணயம் போலவே இருக்கும். ஆனால் சுற்றியுள்ள வாசகத்தில் லத்தீனுக்குப் பதில் ‘பழைய நல்ல நாட்களின் நினைவாக’ என்று ஆங்கிலம் இருந்தால் அது பித்தளைக் காய். அசல் கினி சுமார் 8.4 கிராம், காய் அதைவிட வெகுவாக இலேசு. குதிரை வீரன், கீழே டிராகன், மேலே ‘ஹனோவருக்கு’ என்ற சொல், 1837 என்ற ஆண்டு இருந்தால் அது சவரன் என்ற தங்க நாணயத்தைப் பார்த்துச் செய்த கேலிக் காசு. ஜெர்மனியின் ஹனோவர் அரியணையில் பெண் ஏற முடியாததால் விக்டோரியாவின் சிற்றப்பா அங்கே மன்னராகப் போனதைக் கிண்டல் செய்தது. பிறகு பல ஆண்டுகள் சீட்டாட்டக் காயாகவே அடிக்கப்பட்டது. மெல்லிய பித்தளைத் தகட்டில் ‘ஹான்ஸ் கிரவுவிங்கெல்’ என்ற பெயர் சுற்றி ஓடினால் அது நியூரம்பெர்க் நகரத்துக் கணக்குக் காய், 400 ஆண்டு பழையது. வயதைக் கேட்டு மலைக்க வேண்டாம், ஏராளமாகச் செய்தவை.

தந்தம், எலும்பு, முத்துச்சிப்பி, பேக்கலைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் ஆகியவற்றில் செய்த காய்கள் கேசினோவை விட வீட்டு ஆட்டத்துக்கே நெருக்கமானவை. தந்தமா என்று அறியச் சூடான ஊசியால் குத்தும் பழக்கத்தை விடுங்கள். காய் கெடுவதுதான் மிச்சம். யானைத் தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய வளைகோடுகள் லென்ஸில் தெரியும். எலும்பில் கரும்புள்ளிகளாகச் சிறு துளைகள் தெரியும். தந்தமென்று உறுதியானால் விற்கும் எண்ணத்தை நிறுத்திவிட்டு முதலில் சட்டத்தைக் கேட்டறிய வேண்டும். நுணுக்கமாகச் செதுக்கிய முத்துச்சிப்பிக் காய்கள், மீன் வடிவில் உள்ளவையும்கூட, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலக் குடும்பங்களுக்காகச் சீனாவின் கான்டனில் செய்தவை. நடுவில் உள்ள சின்னம் அந்தக் குடும்பத்தின் சின்னம்.

குறிப்புகள் எல்லாம் கையில் வந்த பிறகு பட்டியலில் தேடலாம். கேசினோ சிப்புக்கு ‘சிப்கைட்’ என்ற இணையப் பட்டியல் படங்களோடு இருக்கிறது. உலோக டோக்கனுக்கு ‘நியூமிஸ்டா’ உதவும். படம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. அங்கே குறித்துள்ள அச்சும் பட்டை நிறமும் உங்கள் குறிப்போடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று மாறினாலும், வேறு வெளியீடு என்றோ போலி என்றோ அர்த்தம். இல்லாத கேசினோவின் பெயரிலும், இருந்த கேசினோவின் பெயரில் அது வெளியிடாத சிப்பாகவும் சேகரிப்பாளர்களுக்கென்றே செய்து விற்றவை ஏராளம். அவை பட்டியலில் ‘கற்பனைச் சிப்’ என்ற தனித் தலைப்பில் கிடக்கும். மூடிய கேசினோவின் சிப்பில் சிமென்ட் ஒட்டியிருந்தால் வியப்பில்லை. வேண்டாத சிப்புகளைக் கட்டட அடித்தளக் கான்கிரீட்டில் கொட்டிப் புதைத்த காலம் ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அவை தோண்டியெடுக்கப்பட்டன.

இன்றும் இயங்கும் கேசினோவின் சிப் என்றால் இன்னொரு செய்தி: நெவாடா விதிப்படி சிப் கேசினோவின் உடைமை, வைத்திருப்பவருக்குக் கேசினோ தர வேண்டிய கடனுக்கான சான்று மட்டுமே அது. மூடிய இடத்துச் சிப்பை மாற்றிக்கொள்ளக் கெடு உண்டு, கெடு கடந்தால் சேகரிப்பாளர் தரும் விலைதான் விலை.

இனி இப்படிப்பட்ட படங்கள் வரும்போது ஆசிரியர் குழு வாசகரிடம் சிலவற்றைக் கேட்டுப் பெற்று அச்சிட்டால் சரியான பதில் கிடைக்கும். இரு முகங்களும் 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்த படம், சாய்வு வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம், பக்கவாட்டுப் படம், அருகில் ஒரு மி.மீ. அளவுகோல். கூடவே குறுக்களவு, தடிமன், எடை, காந்தம் ஒட்டுகிறதா என்ற நான்கு விவரங்கள். மொத்தமாகப் பல கிடைத்திருந்தால் ஒன்றை மட்டும் அனுப்பாமல் எத்தனை நிறம், ஒவ்வொன்றிலும் எத்தனை என்றும் எழுதச் சொல்லுங்கள். நூறு, ஐம்பது, ஐம்பது என்று நிறவாரியாக இருந்தால் வீட்டுப் பெட்டி. ஒன்றிரண்டு மட்டும் தனியாகக் கிடைத்தால் யாரோ பையில் போட்டுக்கொண்டு வந்த கேசினோ நினைவுப் பொருளாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இப்படிக்கு,
பழைய டோக்கன், கேசினோ சிப் சேகரிப்போர் சிலர்